தோற்ற ஆட்டத்தைக் கண்டு துள்ளிக் குதித்த எங்கள் சாபிர் பாய்க்கு

சிவகாசிச் சீமையின் சீர்மிகு செல்வமே! மஞ்சள் மையில் ஒரு மாற்றுக் குறைந்தாலும் மறுபடி அச்சை ஓட்டு என்று மறுத்துரைத்த மாண்பாளரே! கூடியிருந்தோர் கூச்சலுக்குக் கூசாமல், கோட்டுக்கு வெளியே விழுந்த பந்தை வெளியே என்றே கூறிய கோணாத கோலே! பூங்கதிர் அச்சகத்தின் விளம்பரப் பிரிவை விழியென விழித்திருந்து காத்து, இன்று விடைபெறும் எங்கள் வித்தகரே! சாபிர் பாய் அவர்களே! வணக்கம்! அஸ்ஸலாமு அலைக்கும்!

தங்கள் நற்குணங்களை வரிசைப்படுத்தி வாசிக்கத்தான் முதலில் எண்ணினோம். ஆனால் மூன்றாவது குணத்திலேயே தாங்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பீர்கள் என்பது தங்களோடு பழகிய எங்களுக்குத் தெரியாதா! மேலும், இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கள் துணைவியார் சுலைகா அம்மா, நேற்று எங்களை மடக்கி, “போன வருசம் ஆனி மாசத்துல இந்த மனுசனுக்கு என்னதான் ஆச்சு? சோறும் இறங்கல, பேச்சும் இல்ல. திடீர்னு பெங்களூருக்குப் போனாரு, வந்ததும் ஒரே சிரிப்பு. நீங்களாவது சொல்லுங்க” என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதற்காகவும், அவையோர் அறிவதற்காகவும், நடந்ததை நடந்தபடியே சொல்கிறோம். சொல்லும் வரைக்கும் தங்களை முன்னால் வைத்துக்கொண்டே ‘அவர்’ என்று பேசுவோம், பொறுத்தருள்க!

அச்சங்குளத்துக் கரிசலில் மக்காச்சோளம் போடும் கருப்பணனின் மகள் அழகுமீனா. மதுரையில் விளையாட்டு விடுதியில் தங்கிப் படித்தபோது டென்னிஸ் மட்டையைப் பிடித்தவள், சென்னையில் பயிற்சி பெற்று, பதினெட்டு வயதில் தொழில்முறை ஆட்டக்காரி ஆனாள். அவளுக்குப் போக்குவரத்தும் பயிற்சிச் செலவும் தந்து துணை நின்றது நம் அச்சகம். இரண்டு ஆண்டுகளுக்கு முன், அடுத்தடுத்து இரண்டு சிறிய சர்வதேசப் போட்டிகளில் அவள் கோப்பையோடு வந்தாளே, அன்றைக்கு இந்த ஊர் இருந்த இருப்பை யார் மறப்பார்! சாத்தூர் நிலையத்தில் இறங்கியவளை வரவேற்ற சரவெடியில் அவள் பேசியது அவளுக்கே கேட்கவில்லை.

நம் முதலாளி தங்கப்பாண்டியன் அவர்களுக்குப் பூரிப்பென்றால் அப்படியொரு பூரிப்பு. ஆடிப் பதினெட்டு அன்று, வரும் ஆண்டுக்கான மாதிரிகளோடு வெளியாகும் காலண்டர் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் அழகுமீனாதான் என்று அறிவித்துவிட்டார். எல்லோரும் கைதட்டினோம். கை தட்டாமல் நின்றவர் ஒரே ஒருவர்.

“இப்ப வேண்டாம் அண்ணாச்சி” என்றார் சாபிர் பாய். “பிள்ளை ஜெயிச்சிருக்கா, சந்தோசம். ஆனா வளரல.”

முதலாளிக்கு முகம் சுருங்கிவிட்டது. “ரெண்டு கோப்பை வாங்கியிருக்கா பாய்! இதுக்கு மேல எப்படி வளரச் சொல்றீக?”

இளமையில் விருதுநகரில் டென்னிஸ் ஆடியவர் சாபிர் பாய். பிறகு ஞாயிறுதோறும் போட்டிகளில் நடுவருக்கான உயர நாற்காலியில் ஏறி அமர்ந்தவர். அழகுமீனா கோப்பை வென்ற இரண்டு இறுதி ஆட்டங்களையும் நேரில் பார்த்துவிட்டு வந்திருந்தார். அவர் சொன்னது இதுதான். டென்னிஸில் ஒவ்வொரு புள்ளியையும் தொடங்கி வைக்கும் சர்வ் போட இரண்டு வாய்ப்பு. முதலாவது தவறினால் இரண்டாவது. அதுவும் தவறினால் புள்ளி எதிராளிக்கு. அந்த இரண்டாவது சர்வை அழகுமீனா தவறிவிடுமோ என்ற பயத்தில் மெல்லத் தட்டித்தான் போடுகிறாள். இந்தச் சின்னப் போட்டிகளில் வருகிறவர்களுக்கு அதை அடிக்கத் தெரியவில்லை. ஒரு படி மேலே போனால் அதை அல்வா மாதிரி விழுங்கிவிடுவார்கள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே கோப்பையைக் காட்டிப் போக வந்த அழகுமீனா வாசலில் நின்று கேட்டுவிட்டாள்.

“ஜெயிச்சுட்டு வந்திருக்கேன் சார். வந்த அன்னைக்கே குறை சொல்றீகளே!”

சாபிர் பாய் பதறிப்போனார். ஆனாலும் சொன்ன சொல்லை மாற்றவில்லை. “குறை இருக்கும்போதுதாம்மா சொல்ல முடியும். இதே போட்டிகள்ல இன்னும் அஞ்சு கோப்பை வாங்கலாம். நாங்களும் அஞ்சு தடவை வெடி போடுவோம். இல்லேன்னா அந்த சர்வை மாத்திட்டு, பெரிய ஆளுக ஆடுற இடத்துக்குப் போயி தோத்துப் பழகலாம். எது வேணும்னு நீயும் உன் கோச்சும் பேசி முடிவு பண்ணுங்க.”

அவள் கோப்பையை மேசைமேல் வைக்கவில்லை; திரும்ப எடுத்துக்கொண்டே போய்விட்டாள். முதலாளி அரைமனதாக ஆல்பத்திலிருந்து படத்தை எடுத்தார். “ஒரு வருசம் அவகிட்ட வெற்றி தோல்வி கேக்கக் கூடாது அண்ணாச்சி” என்று சாபிர் பாய் கேட்ட வாக்கையும் கொடுத்தார்.

அடுத்த மாதமே சென்னையிலிருந்து செய்தி வந்தது: அழகுமீனா சர்வை அடியோடு மாற்றுகிறாள்! சாபிர் பாய் மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சி மார்கழி தாண்டவில்லை. பெரிய போட்டிகளுக்குப் போனாள். முதல் சுற்றில் தோற்றாள். மீண்டும் போனாள், மீண்டும் தோற்றாள். புதிய சர்வ் வலையில் விழுந்தது, இல்லையேல் கோட்டைத் தாண்டிப் பறந்தது. ஏறியிருந்த தரவரிசை, பாறையில் உருட்டிவிட்ட செம்பைப்போல் கடகடவென்று இறங்கியது. தேநீர்க் கடையில் நம்மவர்களே, “ஜெயிச்சுக்கிட்டு இருந்த பிள்ளையக் கெடுத்துப்புட்டாரே பாய்” என்று பேசினார்கள். பேசியவர்களில் இந்த மடலில் கையொப்பம் இட்டவர்களும் உண்டு.

போன ஆனியில் கருப்பணன் நேராக அச்சகத்துக்கே வந்துவிட்டார். தோளில் துண்டு, கண்ணில் கலக்கம். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

“எம் மக ஜெயிச்சுக்கிட்டு இருந்தாய்யா. நீங்க ஒரு வார்த்தை சொன்னீக. அன்னையிலேர்ந்து தோத்துக்கிட்டே இருக்கா. வீட்டுக்கு போன் போட்டா அழுகச் சத்தந்தான் கேக்கு. எனக்கு அந்த ஆட்டம் தெரியாது. உங்களுக்குத் தெரியும்னுதான் அவ உங்க பேச்சைக் கேட்டா. இப்பச் சொல்லுங்க, அவ மேல வருவாளா, மாட்டாளா?”

சாபிர் பாயும் எழுந்து நின்றார். அவர் சொன்ன வார்த்தைக்கு விலை கொடுப்பது அவரல்லவே, இருபது வயதுப் பெண்ணல்லவா! அன்று மத்தியானம் அவருடைய சாப்பாட்டுத் தூக்கு திறக்கப்படவே இல்லை. முதலாளியும் அறைக்கு அழைத்து, “கேட்ட ஒரு வருசம் முடிஞ்சிருச்சு பாய். இந்த ஆடியோட பணம் குடுக்கிறதை நிறுத்திக்கிடுவோம்” என்றார். சாபிர் பாய் ஒன்றுதான் கேட்டார்: “பெங்களூருல ஆடுறா அண்ணாச்சி. ஒரு தடவை என் கண்ணால பாத்துட்டு வந்துடுறேன். பிறகு நீங்க நிறுத்தினாலும் நான் எதிர்த்துப் பேச மாட்டேன்.”

பெங்களூரில் அழகுமீனாவுக்கு எதிரே நின்றவள், ஐரோப்பாவிலிருந்து வந்த நெட்டைப் பெண். தரவரிசையில் எட்டாத உயரத்தில் இருந்தவள். மூன்று செட் ஆட்டத்தில் முதல் செட் போயிற்று. சாபிர் பாய் கைக்குட்டையை முறுக்கினார். இரண்டாவது செட்டில் ஒன்றைக் கவனித்தார்: அழகுமீனாவின் இரண்டாவது சர்வ் விழுந்து எகிறுகிறது, தோள் உயரத்துக்கு! அதை வாங்க அந்த நெட்டைப் பெண் கோட்டை விட்டு ஓர் எட்டுப் பின்னால் போகிறாள்! பிறகு இன்னும் ஓர் எட்டு! செட் அழகுமீனாவுக்கு! மூன்றாவது செட்டின் கடைசியில், இந்தப் புள்ளி போனால் ஆட்டமே போயிற்று என்ற கட்டம். முதல் சர்வ் வலையில். இப்போது இரண்டாவது. பழைய அழகுமீனா என்றால் மெல்லத் தட்டித் தப்பித்திருப்பாள். இந்த அழகுமீனா பந்தை உயர வீசினாள், உடம்பை வில்லாக வளைத்தாள், முழுக் கையையும் வீசி அடித்தாள். பந்து ஒரு சாண் வெளியே! தோற்றாள்!

சாபிர் பாய் நாற்காலியை விட்டு எழுந்து துள்ளினார். பக்கத்தில் இருந்தவர்கள் அவரை எதிராளியின் ஊர்க்காரர் என்று நினைத்திருப்பார்கள். அந்த இடத்திலிருந்தே முதலாளிக்குப் போன் போட்டார்.

“அண்ணாச்சி! தோத்துட்டா! எப்பேர்ப்பட்ட தோல்வி அண்ணாச்சி! இம்புட்டு நல்லா ஒருத்தி தோத்து நான் பாத்ததே இல்ல!”

“பாய், தொப்பி போடாம வெயில்ல உக்காந்தீகளா?” என்றார் முதலாளி.

மைதானத்தின் ஓரத்தில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அழகுமீனா உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்தாள். “நிறுத்தப் போறோம்னு சொல்ல வந்தீகளா சார்?”

“இல்லம்மா. ஒண்ணு கேக்க வந்தேன். அந்தக் கடைசி சர்வ், நாளைக்கும் அதே கட்டம் வந்தா அப்படியே அடிப்பியா?”

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள். “அடிப்பேன் சார். பழையபடி எப்படிப் போடுறதுன்னு இப்ப மறந்தே போச்சு.”

சாபிர் பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. “இடதுபக்கம் ஓடுறப்ப இன்னும் பிந்துறே” என்று ஒரு குறையும் சொல்லிவிட்டுத்தான் வந்தார். இந்தத் தடவை அவள் கோபப்படவில்லை, சிரித்தாள்.

ஊர் திரும்பியவர் முதலாளியின் முன் நின்றார். “கோப்பை வாங்கினப்ப அவ நின்ன இடத்துலயே நின்னா. இப்பத் தோக்குறா, ஆனா ஏறிக்கிட்டிருக்கா. எதிராளி பின்னால போறா அண்ணாச்சி, அதைத்தான் பாக்கணும். ஆளு பயப்படலேன்னா பின்னால போவாளா?” முதலாளி மேசையைத் தட்டியபடி இருந்தார். பிறகு, “அடுத்த வாரம் மதுரையில ஆடுறாள்ல? நானே வந்து பாக்கேன். உங்க வார்த்தைக்காக இல்ல, என் கண்ணுக்காக” என்றார்.

கம்பெனி வேனில் கிளம்பினோம். அச்சுப் பிரிவு மாரீஸ்வரன் வழியில் அச்சங்குளம் போய்க் கருப்பணனையும் ஏற்றி வந்தார். முதல் இரண்டு சுற்றில் வென்றிருந்த அழகுமீனா அன்று ஆட வேண்டியது, அந்தப் போட்டிக்கு வந்தவர்களிலேயே மிகப் பெரிய ஆட்டக்காரியோடு. ஆட்டம் நூலிழையில் போயிற்று. ஆளுக்கொரு செட். மூன்றாவது செட்டின் முடிவில், பெங்களூரில் வந்த அதே கட்டம்! முதல் சர்வ் வெளியே. கருப்பணன் கண்ணை மூடிக்கொண்டார். முதலாளி சாபிர் பாயின் கையைப் பிடித்த பிடியில் மோதிரம் பதிந்துவிட்டது.

அழகுமீனா தட்டவில்லை! முழுக் கையோடு அடித்தாள்! பந்து கோட்டின் மேலேயே விழுந்து, எகிறி, எதிராளியின் மட்டை விளிம்பில் பட்டு எங்கோ தெறித்தது! அதற்கடுத்த புள்ளிகளும் அவளுக்கு! ஆட்டமும் அவளுக்கு!

“கண்ணைத் திறங்கய்யா! உம்ம மக ஜெயிச்சிட்டா!” என்று கத்தியவர் வேறு யாருமல்ல, நம் முதலாளி. கருப்பணன் எழுந்து வந்து சாபிர் பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அரங்கத்தில் வெடி போடக் கூடாது என்றார்கள். வெடி ஊரிலிருந்து போனவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட சோதனை! பொழுது சாய அச்சங்குளத்தில் இறங்கித்தான் ஆற்றாமை தீர்த்துக்கொண்டோம்.

அந்த ஆடிப் பதினெட்டில் ஆல்பத்தின் முதல் பக்கம் அழகுமீனாவின் படம். கீழே ‘உலகின் நாளைய முதல் வீராங்கனை’ என்று போடச் சொன்னார் முதலாளி. சாபிர் பாய் அந்த வரியை அடித்துவிட்டார்.

“அப்ப எம்புட்டு தூரம் போவான்னுதான் சொல்லுங்களேன் பாய்!”

“முதல் நூறுக்குள்ள வருவா அண்ணாச்சி, கண்டிப்பா. அதுக்கு மேல உள்ள ஆட்டத்தை நான் கிட்ட இருந்து பாத்ததில்ல. பாக்காததுக்கு எப்படித் தீர்ப்பு சொல்ல?”

படத்தின் கீழே அவள் பெயரும் ஊரும் மட்டும் அச்சாயின.

சுலைகா அம்மா அவர்களே, நடந்தது இதுதான்!

செம்மலே, இனித் தங்களிடமே பேசுகிறோம்! வென்றவரை வாழ்த்த வீதியெல்லாம் ஆள் உண்டு. வெற்றியின் வெளிச்சத்தில் குறையைக் கண்டு, தோல்வியின் தூசியில் வளர்ச்சியைக் கண்டு, இரண்டையும் அஞ்சாமல் உரைக்க இந்த அச்சகத்தில் தாங்கள் ஒருவரே இருந்தீர்கள்! ஊரே பேசியபோதும் ஒருவரையும் நோகாமல் உள்ளுக்குள் உருகினீர்களே, அந்தப் பெருந்தன்மையின் முன் நாங்கள் தலை வணங்குகிறோம்! உலகத் தரவரிசையில் நூற்றுப் பதினைந்தாம் இடத்தில் இன்று நிற்கும் அழகுமீனா, கடல் கடந்த பெரும் போட்டி ஒன்றின் தகுதிச் சுற்றில் கடைசி ஆட்டத்துக்குக் காத்திருக்கிறாள். வென்றால் உலகின் மிகச் சிறந்தவர்களோடு ஆடுவாள். வெல்வாளா என்று காலையிலிருந்து எல்லோரும் தங்களைக் கேட்கிறோம். “பாப்போம்” என்கிறீர்களே தவிர, தங்கள் கால்கள் தரையில் நிற்கவில்லை!

முழங்கால் வலி முற்றும் நீங்கி, பார்வை மங்காமல், பசி குறையாமல், சுலைகா அம்மாவின் பிரியாணியும் பேரப்பிள்ளைகளின் பேரிரைச்சலும் பெருகப் பெருக, அல்லாஹ்வின் அருளால் தாங்கள் நூறாண்டு நலமுடன் திகழ வேண்டுகிறோம்!

மடலை இன்னும் நீட்ட ஆசைதான். ஆனால் மணி நான்காகப் போகிறது, ஆட்டத்தை நேரலையில் பார்க்கத் திரையைக் கட்டியாயிற்று, அச்சங்குளத்திலிருந்து கருப்பணன் குடும்பமே வந்து இறங்கியாயிற்று, முதலாளி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கிறார். இதோ, திரையில் அழகுமீனா மட்டையோடு உள்ளே வருகிறாள்! பொன்னாடையைப் பிறகு போர்த்துகிறோம் பாய், சீக்கிரம் வந்து உட்காருங்கள்!

என்றும் தங்கள் அன்பு மறவாத,
பூங்கதிர் அச்சகத்தின் அனைத்துப் பிரிவுப் பணியாளர்கள்,
சிவகாசி.