கேட்காமல் எடுத்த உளி

எனக்குக் கோபம் வராது, ஐயா. என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள். இன்றைக்கு வேண்டாம், அழுதுகொண்டிருப்பாள், நாளைக்குக் கேளுங்கள். அவள் தம்பியைப் பற்றித்தானே பேச வேண்டும்? சொல்கிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே கட்டடத்தில் கொத்தனார்கள். என் பெட்டியில் ஏழு உளிகள். ஞாயிறுதோறும் சாணை பிடித்து, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வைப்பேன். அவன் கேட்காமல் எடுப்பான். கல் கொத்தும் உளியால் பெயின்ட் டப்பா திறப்பான், ஆணி பிடுங்குவான். முனை மழுங்கித் திரும்பி வரும், மறுபடியும் சாணை. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, சாண் நீள உளி விரலளவுக்கு வந்துவிட்டது.

"கேட்டுட்டு எடுடா" என்று எத்தனையோ தடவை சொன்னேன்.

"உளிதானே மாமா, உங்க கிட்னியா?" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

உளியின் முனையைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்போம். அப்போதுதான் கல்லை வெட்டும். சுத்தியல் விழும் தலையைத் தோய்க்கக் கூடாது. தோய்த்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், ஓங்கி அடித்தால் சில்லு தெறிக்கும். தொழிலுக்கு வந்த முதல் மாதமே இது தெரிந்துவிடும்.

ஓர் உளிக்கு மட்டும் தலையையும் தோய்த்தேன். பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். யார் கையிலும் திணிக்கவில்லை. அடுத்தவன் பொருளைக் கேட்காமல் தொடுகிறவனுக்கு மட்டும்தான் அது. இதைவிட நியாயமான ஏற்பாடு உண்டா?

நாலு நாள் அவன் பெட்டிப் பக்கமே வரவில்லை. எனக்குச் சற்று வருத்தமாகக்கூட இருந்தது.

ஐந்தாம் நாள் வாசற்படிக் கல்லைக் கொத்த உட்கார்ந்தான். மூன்றாவது அடியில் சில்லு கழுத்தில் பாய்ந்தது. முதலில் ஓடியவன் நான்தான். என் துண்டை அவிழ்த்துக் காயத்தில் அழுத்திப் பிடித்தேன். ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது. "ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுத்திருக்கலாமே" என்று அவன் அக்காவிடம் சொல்லிச் சொல்லி அழுதேன். பொய்யழுகை இல்லை, ஐயா.

இன்னும் ஒன்று. பக்கத்தில் கலவை போட்டுக்கொண்டிருந்தவர் உங்களிடம் சொல்லியிருப்பார், நானே சொல்லிவிடுகிறேன். அன்று காலை அவன் என் எதிரில் வந்து நின்று தலையைச் சொறிந்தான்.

"மாமா, அக்கா நல்லா திட்டுச்சு. இனிமே கேக்காம எடுக்க மாட்டேன். ஒரு உளி தர்றீங்களா?"

எனக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. பெட்டியைத் திறந்து, மேலே இருந்ததை என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். முதல் தடவையாக வாய்விட்டுக் கேட்கிறான். இல்லையென்று சொல்ல மனம் வருமா, ஐயா?