பதினொரு ஜாக்கிகள்

முதல் தாளில் எழுதப்பட்டிருக்கும் பெயரும் விலாசமும் என்னுடையவைதான். எனக்கு வயது ஐம்பத்து நான்கு. மருத்துவமனைக்குப் பின்புறச் சாலையில் கட்டப்பட்டு வரும் நான்கு மாடிக் குடியிருப்பில் பதினான்கு மாதங்களாகக் காவல் வேலை பார்த்து வருகிறேன். அதற்கு முன் இருபத்தாறு வருடம் சென்ட்ரிங் வேலை செய்தேன். கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் அடியில் தகடு விரித்து, அதற்கு இரும்பு ஜாக்கிகளை முட்டுக் கொடுத்து நிறுத்துகிற வேலை அது. சாரம் சரிந்து விழுந்ததில் வலது தோள் இறங்கிவிட்டது. அந்தக் கையைக் காதுக்கு மேல் தூக்க முடியாது என்பதால் காவலுக்கு வந்தேன். சைட்டில் எல்லோரும் என்னைச் சாவிக்கொத்து என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளி கொடுத்த புகாரிலும் அந்தப் பெயர்தான் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அது நான்தான்.

வேலை நாட்களில் மாலை ஆறு மணிக்கு ஆட்கள் போன பிறகு என் பொறுப்பு ஆரம்பிக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பகல் முழுவதும் நான் ஒருவன்தான் இருப்பேன். இரண்டு மாதத்துக்கு முன்பு அங்கிருந்து கல் அறுக்கும் மெஷின் ஒன்றும் செம்புக் கம்பிச் சுருள் ஒன்றும் காணாமல் போயின. அப்போது சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும், "வெளியாள் தானா வந்து எடுக்கல, உள்ள இருக்கிறவன் சொல்லித்தான் போயிருக்கு" என்றார். யார் என்று சொல்லவில்லை. ஆனால் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அதன் பிறகு நான் செய்த ஏற்பாடுகள் பின்வருமாறு. வருகிற போகிற வண்டிகளின் எண்களை ஒரு நோட்டில் எழுதினேன். மெஷின்களை எல்லாம் சிமெண்ட் அறைக்குள் வைத்துப் பூட்டினேன். பின்பக்கத் தகர வேலி நெடுகக் கயிறு கட்டி, யாராவது தொட்டால் சத்தம் கேட்கும்படி காலி டப்பாக்களைத் தொங்கவிட்டேன். வாடகை ஜாக்கிகளை எந்தப் பழைய இரும்புக் கடையில் போட்டாலும் வாங்கிக்கொள்வார்கள் என்பதால் ஒவ்வொன்றின் கழுத்திலும் சிவப்புப் பெயிண்டால் ஒரு வளையம் போட்டேன். பின்பக்க வேலியில் ஒரு தகரத்துக்கு நான்கு திருகாணி இல்லை. அதை இரண்டு முறை சூப்பர்வைசரிடம் சொன்னேன். "பாத்துக்கலாம்" என்றார். ஒரு கம்பியால் முறுக்கிக் கட்டி வைத்தேன்.

சென்ற வெள்ளிக்கிழமை கார் நிறுத்தும் தரைத்தளத்துக்கு மேல்தளம் போட்டார்கள். மாலை கான்கிரீட் முடிந்ததும் இன்ஜினியர் மேடம் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு, இரண்டு வாரத்துக்கு அடியில் இருக்கும் ஒரு ஜாக்கியையும் யாரும் தொடக்கூடாது என்று சொன்னார். கான்கிரீட் இறுக மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும் என்றும் சொன்னார். தண்ணீர் விடும் வேலையை என் மனைவி செய்கிறார். அவர் மருத்துவமனையில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு அங்கிருந்து நேராக வந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஓஸ் குழாயைப் பிடித்துக்கொண்டு மேற்குப் பக்கத்துப் படி வழியாக மேலே ஏறினார். நான் மோட்டாரைப் போட்டுவிட்டு முன்கேட்டில் என் தகரக் கொட்டகையில் வந்து உட்கார்ந்தேன். மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ஓடும்போது சின்னச் சத்தம் எதுவும் காதில் விழாது. டப்பாச் சத்தம் ஏன் கேட்கவில்லை என்பதற்கு அதுதான் காரணம் என்று அப்போது நினைத்தேன். பிறகு பார்த்தபோது கயிறும் அறுக்கப்பட்டிருந்தது.

ஏறக்குறைய நாலே முக்கால் மணிக்கு இரும்பு மேல் இரும்பு விழுந்த சத்தம் கேட்டது. பக்கத்து மெக்கானிக் கடை என்று நினைத்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கடை இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. எழுந்து கட்டடத்தின் ஓரமாக நடந்து போய்ப் பார்த்தேன். பின்பக்கத் தகரம் மடக்கப்பட்டிருந்தது. சந்தில் ஒரு சிறிய லாரி தன் பின்பக்கம் வேலியை ஒட்டும்படி நின்றது. தளத்துக்கு அடியில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும், நீலச் சட்டை. இன்னொருவருக்கு நாற்பதுக்கு மேல், பனியன் போட்டுக் காலில் செருப்பில்லாமல் இருந்தார். பனியன்காரர் சுத்தியால் ஜாக்கியின் திருகைத் தட்டிக் கழற்ற, நீலச் சட்டை அதை வாங்கிக்கொண்டு போய் லாரியில் போட்டார்.

அவர்கள் ஓரத்தில் இருந்து எடுக்கவில்லை. நான்கு தூண்களுக்கு நடுவில் இருக்கும் பெரிய பகுதியில் வரிசையாக எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். அந்த இடத்தில் தகடுகளின் இணைப்பு வழியாகத் தண்ணீர் கோடு கோடாகக் கொட்டியது. காலையில் நான் சுற்றி வந்தபோது அது ஒழுகவில்லை. தகட்டைத் தாங்கும் இரும்புச் சட்டம் நடுவில் இரண்டு விரல் கடை இறங்கியிருந்தது. இருபத்தாறு வருடத்தில் அப்படி இறங்கிய தளத்தை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். இரண்டும் நிற்கவில்லை.

ஏன் உடனே திருடன் என்று சத்தம் போடவில்லை, ஏன் காவல் நிலையத்துக்கு போன் செய்யவில்லை என்று கேட்டீர்கள். என் மனைவி மேலே கிழக்கு மூலையில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். இறங்குவதற்கு இருக்கும் ஒரே படி மேற்கில். சத்தம் கேட்டுப் பயந்து அவர் ஓடி வந்தால் அந்த நடுப்பகுதியின் மேல்தான் ஓடி வர வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் தோன்றியது. போன் என் சட்டைப் பையில் இருந்தது. அது இருந்ததே எனக்கு நினைவில் இல்லை.

நான் திரும்பி ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினேன். என் குரல் மேலே கேட்க வேண்டும் என்பதற்காக நிறுத்தினேன். நிறுத்தினால் கீழே இருப்பவர்களுக்கும் ஆள் இருப்பது தெரிந்துவிடும் என்று தெரிந்தேதான் செய்தேன். திரும்பி வருவதற்குள் மேலே இருந்து என் மனைவி, "ஏங்க, மோட்டாரை ஏன் நிறுத்துனீங்க? இன்னும் பாதிப் பாத்தி நெறையல" என்றார்.

நான், "நிக்கிற எடத்துலயே நில்லு. தூண் கம்பி ஓரமா ஒதுங்கு. நடுவுல கால் வைக்காத" என்றேன்.

"என்ன ஆச்சு?"

"அப்புறம் சொல்றேன். உக்காந்துக்க."

"தண்ணியில எப்படிங்க உக்கார்றது?" என்று கேட்டார். பிறகு என் குரலில் இருந்து எதையோ புரிந்துகொண்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார் என்று பின்னால் சொன்னார்.

கீழே அந்த இருவரும் அப்படியே நின்றார்கள். பனியன்காரர் மேலே பார்த்து, "மேல ஆள் இருக்கா?" என்று கேட்டார். என் சம்சாரம் இருக்கிறாள் என்று சொன்னேன். அவர் கையில் சுத்தி இருந்தது. என் கையில் ஒன்றும் இல்லை. நீலச் சட்டை, "வாண்ணே போயிரலாம், வா" என்று இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு வேலிக்கு வெளியே போய் லாரியைக் கிளப்பினார். லாரி போய்விட்டது. அதன் எண்ணை நான் பார்க்கவில்லை. பார்க்கிற நிலையில் இல்லை.

பனியன்காரர் போகவில்லை. எத்தனை எடுத்தீர்கள் என்று கேட்டேன். பதினொன்று, ஏழு வண்டியில் போய்விட்டது, நான்கு இங்கே கிடக்கிறது என்று சொன்னார். அந்த நான்கையும் நிறுத்த வேண்டும், எனக்குக் கை ஏறாது, நீங்கள் தூக்கிப் பிடித்தால் நான் திருகுவேன் என்றேன். அவர் சுத்தியைக் கீழே வைத்துவிட்டு, "எங்க வைக்கணும்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

அதன் பிறகு நாங்கள் இருவரும் தளத்துக்கு அடியில் போனோம். முதல் ஜாக்கியை நடுச் சட்டத்துக்கு அடியில் வைக்கும்போது தலைக்கு மேல் எங்கோ ஒரு வெல்டிங் விட்டு மடார் என்று சத்தம் வந்தது. இருவரும் குனிந்துவிட்டோம். அவர் ஜாக்கியை விடவில்லை. தண்ணீர் அவர் கண்ணில் கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கக் கை இல்லை. நான் இடது கையால் திருகைச் சுற்றினேன். நான்காவதை நிறுத்தி முடித்தபோது தண்ணீர் ஒழுகுவது குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. மேல் கொண்டு இறங்காது என்று என்னால் சொல்ல முடியவில்லை. "அவங்க இப்ப நடந்து வரலாமா?" என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஒரு மூங்கில் ஏணி சிமெண்ட் அறைக்குப் பின்னால் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டடத்துக்கு வெளியே கிழக்கு மூலைத் தூணில் சாத்தினோம். ஒரு முழம் எட்டவில்லை. அவர் சாம்பல் செங்கற்களை அடுக்கி அதன் மேல் ஏணியை வைத்து, ஆடாமல் இருக்கத் தன் தோளைக் கொடுத்து நின்றார். நான் கீழே இருந்து என் மனைவிக்குக் கால் வைக்கும் இடத்தைச் சொன்னேன். என் மனைவிக்கு நாற்காலி மேல் ஏறினாலே தலை சுற்றும். விளிம்பில் குப்புறப் படுத்துக் காலைத் தொங்கவிட்டார். முதல் படி கிடைக்காமல் அவருடைய கால் ஒரு நிமிடம் போலக் காற்றில் துழாவிக்கொண்டிருந்தது. "இன்னும் கொஞ்சம் கீழக்கா, நான் புடிச்சிருக்கேன்" என்று பனியன்காரர்தான் சொன்னார்.

இறங்கியதும் என் மனைவி நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டே, இவர் யார் என்று என்னிடம் கேட்டார். ஜாக்கி திருட வந்தவர் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. என் மனைவி அவர் காலைப் பார்த்துவிட்டு, "செருப்பு இல்லாம நிக்கிறீங்களே, கீழ பூரா ஆணி கிடக்கு" என்றார்.

அதன் பிறகு அவர், "நான் போகட்டுமா?" என்று என்னிடம் கேட்டார். பின்பக்கம் போக வேண்டும் என்றால் மறுபடி அந்தத் தளத்துக்கு அடியில்தான் நடக்க வேண்டும். நான் இடுப்பில் இருந்த சாவியை எடுத்து முன்கேட்டின் சங்கிலியைக் கழற்றித் திறந்துவிட்டேன். அவர் பெயரைக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இடது பக்கமாகத் திரும்பி நடந்து போனார், ஓடவில்லை.

பிறகு இன்ஜினியர் மேடத்துக்குப் போன் செய்தேன். அவர் அரை மணி நேரத்தில் ஆறு ஆட்களையும் ஒரு வண்டி ஜாக்கிகளையும் கொண்டுவந்து முழுவதும் முட்டுக் கொடுத்தார். நடுப்பகுதியில் விரிசல் இருக்கிறது, அதை மட்டும் இடித்து மறுபடி போட வேண்டும் என்று சொன்னார். யாருக்கும் அடி இல்லை.

திங்கட்கிழமை முதலாளி என் மேல் புகார் கொடுத்தார். முன்கேட்டுப் பூட்டு உடையவில்லை, என் சாவியால் திறக்கப்பட்டிருக்கிறது என்பது அவருடைய புகார். அது உண்மை. நேற்று லாரியும் சிவப்பு வளையம் போட்ட ஏழு ஜாக்கிகளும் இரும்புக் கடையில் பிடிபட்ட பிறகு, நீலச் சட்டை, நான்தான் ஆள் இல்லாத நேரத்தைச் சொல்லி வரச் சொன்னதாகச் சொன்னார் என்று தாங்கள் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். அது பொய். வரச் சொல்லியிருந்தால் என் மனைவி மேலே இருக்கும் நேரத்திலா வரச் சொல்வேன்? பனியன்காரரும் பிடிபட்டு, என்னை முன்பின் தெரியாது என்று சொன்னதாகவும் வாசித்தீர்கள். அது சரி.

இன்று காலை காவல் நிலைய வாசலில் சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். "நீ புடிச்ச, அவன் சுத்தியால மெரட்டி சாவியைப் புடுங்கித் தொறந்துக்கிட்டு ஓடிட்டான்னு சொல்லிரு. உன் வேலைக்கு நான் பொறுப்பு" என்றார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். என் மனைவி பக்கத்துப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். அவரிடம் போய்ச் சொன்னேன். "அந்த ஆளு சுத்தியை எப்ப கீழ வெச்சாருன்னு எனக்கு மேல இருந்தே கேட்டுச்சு" என்றார். நான் சூப்பர்வைசரிடம் திரும்பிப் போகவில்லை.

அதன் பிறகு தாங்கள் உள்ளே நிறுத்திய ஆறு பேரில் நான்காவதாக நின்றவரை நான் அடையாளம் காட்டினேன். அவர்தான் பனியன்காரர். அவர் என்னைப் பார்த்து, "பரவால்லண்ணே" என்றார். தளத்துக்கு அடியில் இருந்த ஜாக்கிகளை அவர் திருடினார். மேலே ஆள் இருப்பது தெரிந்ததும், தப்பிப் போக வண்டி நின்றபோதும், போகாமல் இருந்து நான்கு ஜாக்கிகளைத் தூக்கி நிறுத்தி, என் மனைவி இறங்கும் வரை ஏணிக்குத் தோள் கொடுத்தார். இந்த இரண்டாவது விஷயம் வழக்குக்கு அவசியம் இல்லை என்று இந்த வாக்குமூலத்தை எழுதுபவர் சொன்னார். அது இல்லாத தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னேன். அவர் வெளியே போய் தங்களிடம் கேட்டுவிட்டு வந்தார். அதன் பிறகு எழுதப்பட்டது.

இந்த ஐந்து பக்கங்களையும் எனக்கு நிறுத்தி வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. யாருக்கும் பயந்தோ யார் பேச்சைக் கேட்டோ இதைச் சொல்லவில்லை. எல்லாம் உண்மை.

(ஒப்பம்)
காவலாளி

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்)
விசாரணை அதிகாரி