பிரசவ அறை வாசலை மறைத்த மேடை

அசைந்தால் அகிலமே ஆட்டங்கண்டுவிடும் என்று அஞ்சி, நாற்காலியில் அசையாமலே வீற்றிருக்கும் விழாத் தலைவர் அவர்களே! தலைவர் தும்மினாலும் ‘அருமை, அருமை’ என்று தலையாட்டியே கழுத்தெலும்பு தேய்ந்துபோன துணைத் தலைவர் அவர்களே! இடப்பக்கத்தில் இமை மூடி இன்பத் துயிலில் ஆழ்ந்திருக்கும் செயலாளர் அவர்களே! எழுப்பாதீர்கள் ஐயா, எழுப்பாதீர்கள்! கனவிலாவது அவர் இரண்டு காரியம் செய்துவிட்டு வரட்டும். நிழலைத் தேடிப் பிடித்து நின்றுகொண்டிருக்கும் தகப்பன்மார்களே! நிழல் தீர்ந்துபோனதால் வெயிலில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் மூச்சு வாங்க அமர்ந்திருக்கும் கர்ப்பிணிச் செல்வங்களே! அவர்கள் வயிற்றுக்குள் இருந்தபடி, எழுந்து போக வழியில்லை என்ற ஒரே காரணத்தால் என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் வருங்காலக் குடிமக்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம், வணக்கம், வணக்கம்!

எதற்கு மூன்று வணக்கம் என்று அங்கே ஒரு தம்பி கேட்கிறார். நேரத்தை ஓட்டத்தான் தம்பி! இன்றைக்கு எனக்குக் கொடுத்திருக்கும் வேலையே அதுதான். விழாக் குழுவினர் காலையில் என் வீட்டுக்கு வந்தார்கள். “மாமா, சிறப்பு விருந்தினர் வண்டி கிளம்பிடுச்சு. அவர் வர்ற வரைக்கும் நீங்க எதையாவது பேசிக்கிட்டே இருங்க. நிறுத்தினீங்கன்னா கூட்டம் கலைஞ்சிடும்” என்றார்கள். “எதைப் பற்றிப் பேசட்டும்?” என்றேன். “தாய்மார் நலம்னு போட்டிருக்கோம். ஆனா நீங்க அதுக்குள்ளேயே நிக்கணும்னு ஒண்ணும் இல்ல” என்றார்கள். எத்தனை தாராளம்!

ஆனால் நான் அதற்குள்ளேயேதான் நிற்கப்போகிறேன். ஏன் தெரியுமா? முன்வரிசை ஓரத்தில் மஞ்சள் குடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாளே, தையல் கடையில் வேலை பார்க்கும் பெண், அவள் என் அக்கா மகள், எனக்கு மருமகள். அவளுக்கு இது நிறைமாதம். குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவர் அவள் மாமியார், என் சம்பந்தியம்மா. நிழலில் நிற்பவர்களில் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பவர் எங்கள் மாப்பிள்ளை. சைக்கிள் கடைக்காரர். கடித்த கடியில் இனி விரல்தான் பாக்கி.

பெருமக்களே! முதலில் கட்டடத்தைப் பாருங்கள். எனக்குப் பின்னால், இந்த மேடைக்கும் பின்னால் எழுந்து நிற்கிறதே புதிய பிரசவ அறை, அதைக் கட்டடம் என்று சொன்னால் என் நாக்கு என்னை மன்னிக்குமா? அதன் கூரையில் மேகங்கள் முட்டிக்கொண்டு நெற்றி வீங்கித் திரும்பிப் போகின்றன! அதன் தரையின் பளபளப்பில் முகம் பார்த்த பல்லி ஒன்று வெட்கப்பட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது! வாசலுக்குப் பக்கத்தில் பளிங்குக் கல்வெட்டு. அதில் குழுவினர் அத்தனை பேருடைய பெயர்களும் பட்டங்களும். கட்டிலைவிடக் கல்வெட்டு நீளம். உள்ளே கட்டில் போதாமல் போனால் ஒரு தாய் தாராளமாகக் கல்வெட்டின் மீது படுத்துக்கொள்ளலாம்!

கைதட்டாதீர்கள், தலைவர் சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று இங்கிருந்து தெரியவில்லை.

இத்தனை அழகான அறையில் இதுவரை எத்தனை குழந்தைகள் பிறந்தன? ஒன்றுகூட இல்லை! ஏன் இல்லை? கட்டில் வரவில்லையா? வந்தது. விளக்கு எரியவில்லையா? எரிகிறது. நர்ஸம்மா இல்லையா? இதோ, என் மருமகள் பக்கத்தில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பிறகு என்னதான் குறை? ரிப்பன், ஐயா, ரிப்பன்! வெட்டாத ரிப்பன்! முதல் முறை தேதி குறித்தபோது விருந்தினருக்கு வெளியூர்ப் பயணம். அடுத்த முறை ஜலதோஷம். அதற்கடுத்த முறை மழை. சிறப்பு விருந்தினருக்கு மூக்கு ஒழுகினால் ஊரில் பிரசவம் நிற்குமா? நின்றால் நல்லதுதான், குழு ஒரு தீர்மானம் போட்டுவிடும்! ஆனால் அது நிற்பதில்லையே!

சரி, பழைய அறை இருந்ததே என்கிறீர்கள். ஆமாம் அம்மா, இருந்தது. ஒழுகினாலும் கதவு திறந்திருந்தது. சென்ற வாரம் அதை இடித்துவிட்டார்கள். எதற்காக? சிறப்பு விருந்தினரின் கார் நிற்க இடம் வேண்டாமா? வலது பக்கம் பாருங்கள், சுண்ணாம்புக் கோடு போட்டுச் சமப்படுத்தி வைத்திருக்கிறார்கள். உலகத்திலேயே பிரசவ அறையில் நிறுத்தப்படப் போகும் முதல் கார் அதுதான்! நம்மைப் போன்ற நாடுகளை ‘வளரும் நாடுகள்’ என்கிறார்கள். யார் இல்லை என்றது? என் சிறு வயதில் மேடை முழங்கால் உயரம் இருந்தது, இப்போது இடுப்பு உயரம். வளர்ச்சியா இல்லையா?

நீங்கள் இன்னொரு கேள்வி கேட்கலாம். இந்த விழாவை நடத்தும் தாய்மார் நலக் குழுவில் தாய்மார் எத்தனை பேர்? இதையே நான் தலைவரிடம் கேட்டேன். அவர் மனமுருகிச் சொன்னார்: “சேர்க்கணும்னுதான் ஆசை மாமா. ஆனா கூட்டம் சாயந்திரம் நடக்குது. அவங்களுக்குச் சமையல் வேலை இருக்குமே, பாவம்.” என்ன கருணை! ஆகவே மீசை வைத்த பெருமக்களே கூடி, பிரசவ வலி எப்படி இருக்கும் என்று விவாதித்தார்கள். ஒருவர் பல்வலி மாதிரி என்றார். ஒருவர் அதெல்லாம் இல்லை, முதுகுப் பிடிப்பு மாதிரி என்றார். ரத்த தானம் செய்ய வேண்டும் என்று ஏகமனதாக முடிவெடுத்தார்கள். ஊசியைக் கண்டதும் ஏகமனதாக மயங்கி விழுந்தார்கள். “ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் நடுவே அவள் உடம்பு தேறக் கொஞ்சம் இடைவெளி விடுங்கள்” என்று நர்ஸம்மா பேச வந்தபோது, அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் தொலைபேசி அழைப்பு வந்துவிட்டது. அழைத்தது யார்? யாருமில்லை! மணியே அடிக்காத தொலைபேசிகளைக் காதில் வைத்துக்கொண்டு ஓடினார்கள், ஓடினார்கள், தெருக்கோடி வரை ஓடினார்கள்!

நர்ஸம்மா எனக்குக் கைகாட்டுகிறார். என்னம்மா? மெதுவாகச் சொல்லுங்கள்... பெருமக்களே, என் மருமகளுக்கு வலி எடுத்துவிட்டதாம். அறையைத் திறக்கச் சொல்கிறார். தலைவர் அவர்களே, என்ன சொல்கிறீர்கள்? “கொஞ்சம் பொறுங்க மாமா, வண்டி பாலத்தைத் தாண்டிடுச்சாம்.” நல்லது. ஆனால் நான் முதல் வணக்கம் சொன்னபோதே வண்டி பாலத்தைத் தாண்டியதாகச் சொன்னார்கள். அது என்ன பாலம்? கடலுக்குக் குறுக்கே கட்டிய பாலமா?

பொறுங்கள் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சிரிக்கிறவர்கள் சற்று ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பெண்ணுக்கு இது இரண்டாவது பிரசவம். முதல் முறை, விடிந்ததும் பனிக்குடம் உடைந்தது. “ஆஸ்பத்திரிக்குப் போகலாம்” என்றாள். “அப்பா வரட்டும்” என்றார் மாப்பிள்ளை. அவர் அப்பா பக்கத்து ஊருக்குப் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தார். “அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படிம்மா?” என்றார் மாமியார். அப்பா வந்தார். “பெரியவனையும் ஒரு வார்த்தை கேட்டுடலாம்” என்றார். பெரியவர், அதாவது மாப்பிள்ளையின் அண்ணன், வந்தார். “என் சிநேகிதன் வண்டி இருக்கு, சொல்லி அனுப்புறேன்” என்றார். சிநேகிதர் வந்தார். வண்டிக்கு டயர் போடவேண்டும் என்றார். எல்லோரும் நல்லவர்கள், பெருமக்களே! ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை! ஒவ்வொருவரும் மற்றவருக்கு மரியாதை செய்தார்கள். அந்த வீட்டில் அன்றைக்கு மரியாதை கிடைக்காத ஒரே ஆள், கட்டிலில் கிடந்து துடித்த இவள்தான். செய்தி கேட்டு நான் ஓடி வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

அவள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. ஆண் குழந்தை. என் கையில்தான் கொடுத்தார்கள்.

...தண்ணீர் வேண்டாம் தம்பி. இருக்கட்டும்.

நான் கேட்கிறேன் பெருமக்களே! அந்த வீடு அன்றைக்கு யாருக்காகக் காத்திருந்தது? ஒரு பெரியவருக்காக! இந்த ஊர் இன்றைக்கு யாருக்காகக் காத்திருக்கிறது? இன்னொரு பெரியவருக்காக! வீட்டில் சின்னக் குழு, ஊரில் பெரிய குழு. அங்கே ‘ஒரு வார்த்தை’, இங்கே ஒரு ரிப்பன். பெயர்தான் வேறு, பொறுக்கச் சொல்வது ஒரே குரல், பொறுத்துக்கொள்வது ஒரே ஆள்!

நர்ஸம்மா மறுபடியும் கைகாட்டுகிறார். இந்த முறை சைகை அல்ல, அதட்டல். “மாமா, நீ பேசினது போதும்” என்கிறாள் என் மருமகள், அவளும் எழுந்துவிட்டாள். வா கண்ணு, வா! ஆனால் எப்படி வருவாய்? பெருமக்களே, இப்போதுதான் எல்லோரும் ஒன்றைக் கவனிக்கிறோம். புகைப்படத்தில் கல்வெட்டு விழவேண்டும் என்பதற்காக மேடையை எங்கே கட்டியிருக்கிறோம்? பிரசவ அறையின் வாசலை அடைத்துக் கட்டியிருக்கிறோம்! இந்தப் பக்கம் சுவர், அந்தப் பக்கம் மதில். உள்ளே போவதற்கு இருக்கும் ஒரே வழி, இதோ, இந்த மேடைப்படி! நடுவே நாங்கள்! எங்கள் நாற்காலிகள்! எங்கள் பூந்தொட்டிகள்! ரிப்பனை வெட்டக் கத்தரிக்கோல் எங்கே தலைவரே? “அதுவும் விருந்தினர் வண்டியிலதான் வருது மாமா.” ஆகா! நர்ஸம்மா, உங்களிடம் ஒரு கத்தரிக்கோல் இருக்குமே?

“இருக்கு. அது தொப்புள்கொடி வெட்ட. கொதிக்க வச்சு எடுத்து வச்சிருக்கேன். உங்க ரிப்பனுக்குத் தரமாட்டேன்.”

கேட்டீர்களா? இந்த மேடையில் இன்று பேசப்பட்டதிலேயே நல்ல பேச்சு அதுதான். என்னுடையதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அடேயப்பா! சம்பந்தியம்மா குடையைக் கீழே போட்டுவிட்டார்! படியேறி வருகிறார்! அம்மா, பார்த்து! தலைவர் ஏதோ சொல்ல வருகிறார், “பெரியவர் வந்துடட்டும்மா, ஒரு வார்த்தை...” சம்பந்தியம்மா, மைக் பக்கம் வந்து சொல்லுங்கள், எல்லோருக்கும் கேட்கட்டும்.

“போன தடவ நான்தாங்க சொன்னேன், ஒரு வார்த்தை கேக்கணும்னு. கேட்டுக் கேட்டுத்தான் என் பேரனைப் பறிகொடுத்தேன். இன்னிக்கு யார்கிட்டயும் கேக்கமாட்டேன். நகருங்க!”

இழுத்துவிட்டார்! பெருமக்களே, ரிப்பனை ஒரே இழுப்பில் இழுத்துவிட்டார்! கத்தரிக்கோல் இல்லை, தட்டு இல்லை, புகைப்படம் இல்லை! அது சும்மா குண்டூசியில் குத்தி வைத்திருந்த ரிப்பன்தானாம்! இத்தனை மாதம் ஓர் ஊரையே நிறுத்தி வைத்தது ஒரு குண்டூசி!

நாற்காலிகளை எடுங்கள்! செயலாளர் அவர்களே, இப்போது எழுந்திருங்கள்! மாப்பிள்ளை, நகத்தை விடுங்க, அந்த மேசையைப் பிடிங்க! பூந்தொட்டியை அந்தப் பக்கம்! அட, தலைவரே எழுந்துவிட்டார்! தன் நாற்காலியைத் தானே தூக்குகிறார்! அகிலம் ஆடுகிறதா? ஆடவில்லை! ஐயா, உங்களை வணங்குகிறேன். உங்கள் தலைமையிலேயே தலைசிறந்த செயல் இதுதான்.

வா கண்ணு. மெதுவா. “மாமா, மைக்கை என் மூஞ்சியிலேருந்து எடு.” எடுத்துவிட்டேன், எடுத்துவிட்டேன். மாமியார் தோளைப் பிடித்துக்கொள். பெருமக்களே, இந்த மேடையில் இன்று ஏறியவர்களில் வேலையோடு ஏறிய ஆள் இவள்தான். அவள் கடந்து போகிறாள். நர்ஸம்மா போகிறார். கதவு மூடுகிறது.

என்ன சத்தம்? ஓ, கார்! வாருங்கள், வாருங்கள் சிறப்பு விருந்தினர் அவர்களே! பாலம் முடிந்ததா? மன்னிக்கவேண்டும், அறை திறந்தாகிவிட்டது. உள்ளே போகமுடியாது ஐயா, ஆள் இருக்கிறார்கள். நிழலில் தகப்பன்மார்களோடு கொஞ்சம் நில்லுங்கள். அடுத்த வாரம் உங்கள் கார் நிற்கும் இடத்தில் ஓர் ஆம்புலன்ஸ் நிற்க ஏற்பாடு செய்து கொடுத்தால், கல்வெட்டில் உங்கள் பெயரை நானே உளி பிடித்துச் செதுக்குகிறேன்.

யார் ஜன்னலைத் தட்டுவது? நர்ஸம்மா. “அந்த ஒலிபெருக்கியை நிறுத்துங்க. அவ கத்துறது எனக்குக் கேக்கல.”

பெருமக்களே! பெரியவர் ஒருவர் வரும்வரை பேச்சை நிறுத்தாதே என்று எனக்கு உத்தரவு. நான் தவறவில்லை. இப்போது ஒருவர் வந்துகொண்டிருக்கிறார். எவ்வளவு நேரமாகும் என்று தெரியாது. இன்று அடுத்துப் பேசவேண்டியவர் அவர்தான். அவருடைய முதல் சொல் நம் அனைவருக்கும் கேட்கவேண்டுமானால் நான் வாயை மூடவேண்டும்.

ஆகவே, நாற்காலி தூக்கியவர்களுக்கு நன்றி. வெயிலில் பொறுத்திருந்த தாய்மார்களுக்கு நன்றி, இனிமேல் பொறுக்காதீர்கள். குண்டூசியைப் பிடுங்கிய சம்பந்தியம்மாவுக்கு என் தலை தாழ்ந்த வணக்கம்.

மைக்கை அணைத்துவிடு தம்பி. கேட்போம்.