திறக்காத பின்கதவு

— கன்னம் இன்னும் வீங்கித்தான் இருக்கு அத்தை. வீட்டுல படுத்திருக்கலாம்ல? விசாரணைக்குக் கூப்பிட்டது என்னைத்தானே?

— மருமகள விசாரிக்கிற எடத்துக்கு மாமியா வரக்கூடாதுன்னு சட்டம் இருக்கா? இருபத்தெட்டு வருஷம் ஓடுற பஸ்ஸுல கண்டக்டரா நின்னவ நான். இந்த பெஞ்சுல ஒரு மணி நேரம் உக்கார மாட்டேனா?

— அதுக்கில்ல. உள்ள இருக்கிறவங்க உங்கள பாத்தா கன்னத்தப் பாப்பாங்க. கன்னத்தப் பாத்தா கேப்பாங்க.

— கேக்கட்டுமே.

— ஐயோ, மெதுவா பேசுங்க. யாரோ ஒரு பயணி கடுதாசி போட்டிருக்காங்களாம். விமானம் ஏரியில எறங்கினதும், பின்கதவுகிட்ட நின்ன பணிப்பெண் ஒரு வயசான அம்மாவ ஓங்கி அறைஞ்சாங்கன்னு. அந்த அம்மா யாருன்னு நான் சொல்லப் போறதில்ல.

— சொல்லலன்னா?

— யாரோ கதவத் தொறக்க வந்தாங்க, தடுத்தேன்னு சொல்லுவேன். சாட்சி இல்லாம நம்ப மாட்டாங்க. வேலை போகும்.

— ஏண்டி, உனக்கென்ன பைத்தியமா?

— அத்தனை பேரையும் மூழ்கடிக்கப் பாத்தது இவங்கதான்னு உங்க படம் பேப்பர்ல வந்தா, அப்புறம் தெருவுல தலகாட்ட முடியுமா அத்தை? வேலை போனா இன்னொண்ணு தேடிக்கலாம்.

— அடி வாங்கினது நான். ரோஷம் உனக்கு வருது!

— மூணு தடவ கத்தினேன் அத்தை. "இந்தக் கதவு வேண்டாம், முன்னாடி போங்க"ன்னு.

— எனக்கு எங்க கேட்டுச்சு? மேல ஏறி அஞ்சு நிமிஷம் ஆகல, பறவைக் கூட்டம் மோதி ரெண்டு இஞ்சினும் படுத்துருச்சு. அந்த நிசப்தத்துலயே காது அடைச்சுப் போச்சு. தண்ணியில வந்து தடார்னு விழுந்ததும் கை தானா கதவுக்குப் போயிருச்சு. வண்டி மாட்டிக்கிட்டா மொதல்ல கதவத் தொற, ஜனத்த எறக்கு. பழகின கை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொன்னாங்க? தொண்ணூத்தாறு பேரையும் சேத்துல்ல அங்க கூட்டிட்டுப் போயிருப்பேன்!

— வால்பக்கம் தாழ்ந்துருச்சு. கதவுக்கு வெளிய பாதி உயரத்துக்குத் தண்ணி. ஒரு விரக்கடை தொறந்திருந்தாக்கூட...

— தெரியும். றெக்கை மேல நின்னு திரும்பிப் பாத்தப்பதான் எனக்கே புரிஞ்சுது. அப்பவும் நீ வெளிய வரல. ஒவ்வொரு சீட்டா குனிஞ்சு பாத்துக்கிட்டு, முழங்கால் தண்ணியில நடந்து கடைசி ஆளா வந்த. பேப்பரத் தொறந்தா கேப்டன் படம்தான். நல்ல மனுஷன், இல்லங்கல. விமானத்த ஒடையாம எறக்கினாரு. ஆனா எறக்கினதோட முடிஞ்சு போச்சா கதை?

— நமக்கு எதுக்கு அத்தை படம்?

— உன்னப் போய் நான் என்னல்லாம் பேசியிருக்கேன்! ஆகாசத்துல காப்பித்தட்டு தூக்குறவன்னு. சொந்தக்காரங்க கேட்டா ஆபீஸ் வேலைன்னு புளுகியிருக்கேன்.

— அழாதீங்க.

— யாரு அழுதா? வீங்கின பக்கத்துக் கண்ணு, அதுவா வடியுது.

— அடுத்து நீங்கதாம்மா, உள்ள வாங்க. கூட இருக்கிறது யாரு?

— என் மாமியார் சார். துணைக்கு வந்தாங்க. அவங்க வெளியவே இருப்பாங்க.

— இல்லம்மா, அவங்களும் வரட்டும். உக்காருங்க ரெண்டு பேரும். நேரா விஷயத்துக்கு வரேன். மோதின வேகத்துல பின்கதவு இறுகிக்கிச்சு, அதனாலதான் விமானம் சீக்கிரம் மூழ்கலன்னு எங்க அறிக்கையில எழுதியிருக்கோம். இந்தக் கடுதாசி வேற மாதிரி சொல்லுது. நீங்க ஒரு பயணிய அடிச்சீங்களா?

— அடிச்சேன் சார்.

— யார?

— தெரியல சார். கூட்டத்துல மொகம் பாக்கல.

— மொகம் பாக்கலயா? நல்லா யோசிச்சு சொல்லுங்கம்மா. உங்க வேலை சம்பந்தப்பட்ட விஷயம்.

— யோசிச்சுத்தான் சொல்றேன். மொகம் பாக்கல.

— பொய் சொல்றா சார். அந்தக் கடுதாசிய பேரு போடாம எழுதிப் போட்டது நான்தான், அப்பத்தான் நீங்க கூப்பிட்டு விசாரிப்பீங்கன்னு. இவகிட்ட சொன்னா விடமாட்டான்னு சொல்லல. கதவு தானா இறுகிக்கிச்சுன்னு இருக்குல்ல, அத மாத்தி எழுதுங்க: தொறக்கப் போனவ நான், தொறக்க விடாதவ என் மருமக.