குழாயில் ஒட்டிய பழுப்பு

— ஆ... அண்ணி, மெதுவா! அது என் கால். உங்க லேப் கண்ணாடிக் குடுவை இல்ல.

— அசையாதடி. பஞ்சு ஒட்டிக்கிட்டிருக்கு. சலைன் ஊத்தி ஊற வச்சுத்தான் எடுக்கணும்.

— அம்மா... எடுத்தாச்சா?

— எடுத்து அரை நிமிஷம் ஆச்சு. நீதான் இன்னும் கத்திக்கிட்டிருக்க. நாத்தனார் புண்ணுக்கு உட்கார்ந்து கட்டுப் போடற அண்ணியை எந்த ஊர்ல பாத்திருக்க?

— சரி சரி. எப்படி இருக்கு? மழுப்பாம சொல்லுங்க.

— காஞ்சிருக்கு. சீழ் இல்ல. ஓரத்துல புதுத் தோல் வருது. எட்டு மாசத்துல இன்னிக்குத்தான் மூக்கைப் பிடிக்காம உன் கால்கிட்ட உட்கார்ந்திருக்கேன்.

— அப்ப... காலை எடுக்க வேண்டாம்தானே?

— டாக்டர் நேத்தே சொல்லிட்டாரே. பழைய மருந்து ரெண்டைச் சேத்துக் குத்தினதுல அடங்கிருச்சுன்னு. அது கிட்னியைப் பதம் பாக்குற மருந்து, அதை மட்டும் கவனிச்சுக்கணும். அடுத்த மாசம் நீ தையல் மெஷினை மிதிக்கலாம்.

— முதல்ல அந்த டாக்டருக்குத் தையல் சொல்லிக் குடுக்கணும். இதைப் பாருங்க, கோணி மூட்டையைத் தைச்ச மாதிரி! எங்கிட்ட வேலைக்கு வந்திருந்தா முதல் நாளே கணக்கை முடிச்சு அனுப்பியிருப்பேன்.

— நன்றி கெட்டவளே... கத்தரிக்கோல் எங்க?

— உங்க பையில இருக்கும். இருங்க, நான் எடுத்து...

— பையைத் தொடாத! நானே எடுத்துக்கறேன்.

— ஏன், கடிதத்தைப் பாத்துடுவேன்னா?

— ...எந்தக் கடிதம்?

— முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க அண்ணி. ஆராய்ச்சியை விட்டு விலகிக்கறேன்னு உங்க பேராசிரியருக்கு எழுதியிருக்கீங்களே, அது. தெர்மாமீட்டர் தேடறப்போ நேத்தே படிச்சுட்டேன்.

— அடுத்தவங்க கடிதத்தைப் பிரிக்கறது உங்க குடும்பத்துக்கே ரத்தத்துல இருக்கு. உங்க அண்ணனும் இப்படித்தான்.

— அண்ணனுக்குத் தெரியுமா?

— தெரியாது. பெயின்ட் கம்பெனியில வேலை உறுதியான பிறகு சொல்லிக்கலாம்னு இருக்கேன். பதினோரு மணிக்குக் கடிதத்தைக் குடுக்கணும். இதுக்கு மேல பேசாத, காலை நீட்டு.

— நாலு வருஷ உழைப்பு அண்ணி!

— இல்லாததை நாலு வருஷம் தேடினா அதுக்குப் பேரு ஆராய்ச்சி இல்லடி. வீம்பு.

— இல்லாததா? ஆறு மாசத்துக்கு முன்னாடி நீங்க செஞ்ச மருந்து உங்க லேப்ல இருக்கற அந்த முரட்டுக் கிருமியைக் கொன்னுச்சே! சமையலறையில நீங்க குதிச்ச குதியில பால் பொங்கி அடுப்பே அணைஞ்சுது.

— அந்த ஒரு தடவைதான். தனியா எந்த மருந்துக்கும் மசியாத கிருமி, எனக்கு மட்டும் மசிஞ்சிருச்சேன்னு தலைகால் புரியல. ஆனா நான் செஞ்ச சரக்கு பழுப்பா, அழுக்கா இருந்துச்சு. சுத்தம் பண்ணினா இன்னும் நல்லாக் கொல்லும்னு நினைச்சேன்.

— எப்படிச் சுத்தம் பண்ணுவீங்க?

— நீளமான கண்ணாடிக் குழாய்ல மணல் மாதிரி வெள்ளைத் தூளை நிரப்பி, மேல ஊத்தி வடிப்போம். அழுக்கு மேலேயே ஒட்டிக்கும், சுத்தமானது கீழ இறங்கும். வெள்ளை வெளேர்னு வந்துச்சு. பதினோரு தடவை செஞ்சேன், ஒண்ணை விட ஒண்ணு சுத்தம். கிருமி மேல போட்டா அது சொகுசா வளருது.

— அழுக்கா இருந்தப்போ கொன்னுச்சு. சுத்தமானதும் கொல்லல.

— ஆமா.

— அப்ப கொன்னது அழுக்குதானே? இதுக்கு எதுக்கு அண்ணி அவ்வளவு படிப்பு?

— அந்தக் கட்டுத்துணியை இப்படிக் குடு.

— பேச்சை மாத்தாதீங்க.

— எனக்கும் அது தோணுச்சுடி. பதினோரு தடவை தோத்த பிறகு. சுத்தமா இருக்கறதுதான் மருந்துன்னு கண்ணை மூடிக்கிட்டு நம்பிட்டேன். உமியைப் பத்திரமா எடுத்து வச்சுட்டு அரிசியைக் குப்பையில கொட்டியிருக்கேன்.

— சரி, அந்த அழுக்கை எடுத்துப் போட்டுப் பாக்க வேண்டியதுதானே?

— எங்க போய் எடுக்க? வேலை முடிஞ்சா அன்னிக்கே குழாயைக் காலி பண்ணிப் பளபளன்னு கழுவி வச்சுடுவேன். லேப்ல எனக்குப் பேரே சுத்தக்காரி. பன்னெண்டாவது தடவை மட்டும்தான்...

— மட்டும்தான்?

— போன மாசம் உனக்குக் குளிர் காய்ச்சல் வந்து, உங்க அண்ணன் லேப்புக்கு போன் பண்ணி அழுதாரே... அன்னிக்கு எல்லாத்தையும் போட்டது போட்டபடி விட்டுட்டு ஓடி வந்தேன். அஞ்சு நாள் கழிச்சுப் போனா, குழாய் மேல அந்தப் பழுப்பு அப்படியே ஒட்டிக்கிட்டிருக்கு.

— அடடே! என் காய்ச்சலும் ஒரு வேலைக்கு ஆயிருக்கு!

— பெருமை வேற. அதைச் சுரண்டி, மெத்தனால்ங்கற திரவத்துல கரைச்சு, கொஞ்சூண்டு தேத்தினேன். எங்க லேப்ல கிருமி வளத்துச் சோதிக்கிறவர் இருக்காரே, அவர்கிட்ட குடுத்தேன்.

— எப்ப தெரியும்?

— ...காலையிலேயே போன்ல படம் அனுப்பிட்டார்.

— என்ன வந்திருக்கு?

— பாக்கல.

— பாக்கலயா!

— பயம்டி. பதினோரு தடவை பாத்து நொந்த கண்ணு இது. பாக்காத வரைக்கும் தோக்கலேன்னு இருக்கலாம்ல?

— போனைக் குடுங்க.

— கட்டுப் போட்டுக்கிட்டிருக்கேன், அசையாத... ஏய்! பிடுங்காத!

— கால்தான் சரியில்ல, கைக்கு என்ன கேடு? இதோ... வட்டமா ஒரு தட்டு. முழுக்க மங்கலா, ஆவி படிஞ்ச கண்ணாடி மாதிரி.

— அதெல்லாம் கிருமி. நல்லா வளந்திருக்கு. சரி, மூடி வை.

— இருங்க. நெத்திப் பொட்டு மாதிரி நாலு காகிதம் இருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு... இதுகளை ஒட்டியும் அதே மங்கல்தான். நாலாவதைச் சுத்தி...

— நாலாவதைச் சுத்தி?

— காலியா இருக்கு அண்ணி. வட்டமா. நிலாவைச் சுத்திக் கோட்டை கட்டின மாதிரி.

— விளையாடாத.

— என் மெஷின் மேல சத்தியம்.

— ஒவ்வொரு காகிதமும் ஒவ்வொண்ணுல நனைச்சது. வெறும் மெத்தனால்னு ஒண்ணு இருக்கும், பாரு. அதைச் சுத்தியும் காலியா இருந்தா கொன்னது அந்தத் திரவம்தான், எல்லாம் வீண்.

— அது மூணாவது. அது மேலேயே கிருமி ஏறி உட்கார்ந்திருக்கு. ஒண்ணாவது கடையில விக்கிற மருந்து. ரெண்டாவது 'வெள்ளை'. நாலாவது 'பழுப்பு'. கீழ எழுதியிருக்கார்... 'மூணு தட்டு வச்சேன், மூணுலயும் இதேதான். சீக்கிரம் வாம்மா.' அண்ணி? அழறீங்களா?

— கட்டு... கட்டு கோணலாப் போச்சு. பிரிச்சுப் போடணும்.

— கட்டு கிடக்கட்டும். கடிதம் என்ன ஆகப்போகுது?

— துள்ளாத. அந்தப் பழுப்புக்குள்ள பத்துச் சரக்கு கலந்திருக்கும். எது கொல்லுதுன்னு பிரிக்கணும். மனுஷ உடம்பைக் கெடுக்காம இருக்குமான்னு பாக்கணும். மருந்தாக இன்னும் பத்து வருஷம் ஆகலாம். ஆகாமலும் போகலாம்.

— வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழியை உடைக்கப் போறீங்களா?

— இல்லடி. சந்தோஷமா இருக்கு. அந்தக் கடிதத்தை எடுத்துக் கிழிச்சுப் போடு.

— நேத்தே கிழிச்சாச்சு. பையில இருக்கறது வெறும் உறை.

— அடிப்பாவி! பதினோரு மணிக்குப் பேராசிரியர் முன்னாடி காலி உறையை நீட்டியிருப்பேனே!

— அதுக்குத்தானே கிழிச்சேன்... இன்னொண்ணும் சொல்லணும். திட்டக் கூடாது.

— இன்னும் எதைக் கிழிச்ச?

— அந்த முரட்டுக் கிருமி... அது என் கால்லேர்ந்து எடுத்தது அண்ணி. ஆராய்ச்சிக்குக் குடுக்கச் சம்மதமான்னு ஆஸ்பத்திரியில கேட்டாங்க. உங்க லேப் பேரைப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் தோக்கறது என் காலுக்காகன்னு தெரிஞ்சா நீங்க நொறுங்கிப் போயிடுவீங்கன்னுதான் மூச்சு விடல.

— போடி பைத்தியம்... குடுத்தா உன் கால் கிருமியைத்தான் குடுக்கணும்னு மூணு நாள் உன் டாக்டர் வாசல்ல நின்னு கேட்டு வாங்கினவளே நான்தான்.