பாலாமணிக்குத் தெரிந்த பதில்கள்

— இன்னொருக்காச் சொல்லு பாலாமணி. இங்கிலீசுல பாரோன்னா?

— குடுக்கறதும்மா.

— வெளங்கும். அப்ப லெண்டு?

— வாங்கறது.

— ஏஞ்சாமி, நீதான எனக்கே சொல்லிக் குடுத்தே? பக்கத்தூட்டு மருதாம்பா சக்கரைக்கு டம்ளரோட வந்து நிக்கறா பாரு, அது பாரோ. நாம மொகஞ்சுளிக்காம அள்ளிக் குடுக்கறோம் பாரு, அது லெண்டுன்னு.

— தலை வலிக்குதும்மா. நாளைக்குப் பாத்துக்கலாம்.

— நாளைக்கு எங்க பாக்கறது? வெடியால மொத பஸ்ஸுல ஊட்டி போகோணும். ஓட்டல்ல போன் எடுக்கற வேலை, தப்பும் தவறுமாப் பேசுனா வேற புள்ளையக் கூப்புட்டுக்குவாங்க. அந்தச் சுடுதண்ணிய இப்புடித் தள்ளு, காலு விண்ணுவிண்ணுங்குது. ஹியரு, லிசனு?

— ரெண்டும் ஒண்ணுதான்.

— ஒண்ணா? பேக்டரி சங்கு தானா வந்து காதுல உளுகுது, அது ஹியரு. மேஸ்திரி சுப்பண்ணன் கத்தறத வேலைய உட்டுட்டு நின்னு கேக்கறேன், அது லிசனு. இதும் நீ சொன்னதுதான்.

— சொல்லியிருப்பேன். எனக்கு இங்கிலீசு வராதும்மா, உட்டுரு.

— பாலாமணி.

— ம்.

— என்னையப் பாத்துச் சொல்லு. வேணும்னேதான தப்பாச் சொல்றே?

— அதெல்லாம் இல்ல.

— நாளைக்கும் இப்புடியே ஒளறிட்டுத் திரும்பி வந்தர்லாம்னு இருக்கறே.

— வேற என்ன பண்ணச் சொல்றே? இந்த மாசத்தோட உனக்கு வயசாச்சுன்னு அனுப்பறாங்க. நம்ம ஊட்டுல ஒருத்தராச்சும் தேயிலைத் தோட்டத்து வேலையில இருந்தாத்தான் அவிங்க குடுத்த இந்த லைன் ஊடு நம்முளுக்கு. நான் ஊட்டிக்குப் போயிட்டா நீ எங்க போவே? காரமடை மாமன் ஊட்டுக்கா? அத்தை சோத்தப் போட்டுட்டு, எத்தன உருண்டை உள்ள போகுதுன்னு பாத்துக்கிட்டே நிப்பாங்க.

— பாத்துட்டுப் போறா. எனக்கென்ன.

— வேண்டாம்மா. உனக்குப் பதிலா எம்பேரப் பதிஞ்சுக்கறேன். கொழுந்து கிள்ளத் தெரியாதா எனக்கு?

— தெரியும். அதுதான் சாமி எனக்குப் பயமே. மழையில ஊறி, அட்டைக்கு ரத்தத்தக் குடுத்து, எனக்குச் சலிச்சுப் போச்சு. அதே மேட்டுல நாளைக்கு நீ கூடையோட நிக்கறதப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல.

— உனக்குத் தெம்பு இல்லைங்கறதாலதான நானும் சொல்றேன். ஊடுன்னு ஒண்ணு இருந்தா காலை நீட்டி ஒக்காருவே. கிளார்க்கு மருதாசலத்துக்கிட்டப் போன மாசமே கேட்டு வெச்சுட்டேன். வேலைக்கு வர்றேன்னு சொன்னாப் போதும், ஊடு நம்முளுக்கே இருக்கும்னாரு.

— என்னையக் கேக்காம எதுக்குப் போயிக் கேட்டே?

— கேட்டிருந்தா உட்டிருப்பயா?

— உட்டிருக்க மாட்டேன்.

— அப்பறம் என்ன? நாளைக்கு நான் ஊட்டிக்கே போகுல. நேரா ஆபீசுக்குப் போயி எம்பேரக் குடுத்தர்றேன்.

— குடுத்தாலும் இந்த ஊடு கெடைக்காது சாமி. தோட்டத்துக்குப் புதுசா வந்திருக்கற மோசஸுக்குக் குடுத்துருங்கன்னு போன வாரமே ஆபீசுல சொல்லிட்டேன். மத்தியானம் அவன் சம்சாரம் வந்து, சாமான் எங்கெங்க வெக்கறதுன்னு பாத்துட்டுப் போனா.