ஏணியை நான்தான் எடுத்தேன்

பெயர் எர்லீன் வெர்டின். வயது அறுபத்தொன்று. கணவர் பெயர் குளோவிஸ் வெர்டின், இறால் படகுக்காரர், காலமாகிவிட்டார். தொழில், பள்ளிக்கூடச் சமையலறையில் சமையல். முகவரி, லூசியானா மாநிலம், பாயின்ட் செரீஸ், ஓடைக்கரைச் சாலை, கடைசி வீடு. தற்போது அதே வீட்டு முற்றத்தில் என் வேனுக்குள் படுத்துக்கொள்கிறேன்.

பேசாமல் இருக்க எனக்கு உரிமை உண்டு என்றும் வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்றும் துணை ஷெரிஃப் லாண்ட்ரி அவர்கள் எனக்குச் சொன்னார். வக்கீல் வைக்க வக்கிருந்தால் முதலில் கூரை போட்டிருப்பேன் என்று பதில் சொன்னேன். யாருடைய தூண்டுதலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன். என் வார்த்தைகளைத் தேய்த்து மெழுக வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டதால் அப்படியே எழுதப்படுகிறது.

மேற்படி வீடு என் கணவர் தன் கையால் கட்டியது. கட்டி முடித்த வருடமே அதற்கு இன்ஷூரன்ஸ் எடுத்தோம். தவணை ஒன்றுகூடத் தவறியதில்லை. எடுத்த அன்று ஏஜென்ட் எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, நான் வைத்த இறால் சோற்றை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "வீட்டுக்கு எது வந்தாலும் இது பாத்துக்கும்" என்றார். காற்றுக்கு ஒரு இன்ஷூரன்ஸ், வெள்ளத்துக்கு வேறொரு இன்ஷூரன்ஸ் என்று அவர் சொல்லவில்லை. கேட்க எனக்கும் தெரியவில்லை. எங்களிடம் இருப்பது காற்றுக்கு உரியது மட்டும்.

கடந்த ஆகஸ்ட் கடைசியில் புயல் வந்தபோது நான் ஊரைவிட்டுப் போகவில்லை. பிற்பகலில் காற்று என் படுக்கையறைக்கு மேலே கூரையைப் பலகையோடு பிய்த்துக்கொண்டு போனது. கட்டிலில் நின்று பார்த்தால் வானம் தெரிந்தது. மழை அந்த வழியே கொட்டி, உட்கூரை ஊறி, அறை அறையாக இடிந்து விழுந்தது. அதன் பிறகு, சாயங்காலம்தான் ஓடைத் தண்ணீர் வாசல் வழியாக வந்தது, முழங்கால் வரைக்கும். முதலில் மேலேயிருந்து, பிறகு கீழேயிருந்து. இந்த வரிசை முக்கியம். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஒருவர்கூட இதைக் கேட்காததால்தான் நான் இன்று இந்த ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறேன்.

அதன் பிறகு பக்கத்து வீட்டு ஆல்சைடின் போனை வாங்கி, மேற்படி கம்பெனியைக் கூப்பிட்டேன். ஆல்சைட் என் கணவரின் சித்தப்பா மகன். என் போன் வெள்ளத்தோடு போய்விட்டது. போனில் பேசிய பெண், "மேற்கொண்டு சேதமாகாம வீட்ட நீங்கதான் பாதுகாக்கணும், இல்லாட்டி கிளெய்ம் நிக்காது" என்று சொன்னார். சரி என்றேன்.

எங்கள் பக்கத்தில் புயல் போன மறுநாளே நனைந்ததையெல்லாம் பிய்த்துச் சாலையோரம் குவித்துவிடுவது வழக்கம். விட்டால் பூஞ்சை சுவரேறி வீடே போய்விடும். நனைந்த சாமானை உள்ளே வைத்துக்கொண்டிருப்பவளை ஊர் என்ன பேசும் என்பது துணை ஷெரிஃபுக்கும் தெரியும், அவர் அம்மாவும் இதே ஓடைக்கரைதான். ஆகவே ஆல்சைடும் சர்ச்சுக்காரர்களும் வந்து விழுந்த உட்கூரை, சுவர்ப் பலகை, மெத்தை, என் கல்யாண அலமாரி எல்லாவற்றையும் தூக்கிப் போட்டார்கள். குப்பை லாரி வந்து அள்ளிக்கொண்டு போனது. நான் தரையைப் பிளீச்சிங் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். கூரை மேல் அரசாங்கம் கொடுத்த நீலத் தார்ப்பாயை விரித்து, மரச் சட்டம் வைத்து ஆணி அடித்தோம். ஒரு போட்டோ எடுத்து வைக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. புயலுக்கு முன்பு இருந்ததைவிடச் சுத்தமாக வைத்தேன். அதுதான் என் கிளெய்மின் கழுத்தை அறுத்தது.

அதன் பிறகு மூன்று வாரம் கழித்து, அதாவது நேற்று மதியம், சேதத்தை மதிப்பிட வந்திருப்பதாக ட்ரெவர் ஹால்வர்சன் என்பவர் வந்தார். மேற்படி ஹால்வர்சன் கடலே இல்லாத நெப்ராஸ்கா மாநிலத்திலிருந்து வந்தவர், தடிமனான ஆள், புத்தம்புது பூட்ஸ் போட்டிருந்தார். காபி கொடுத்தேன், வாங்கி வேலிக் கம்பத்தின் மேல் வைத்துவிட்டார். உள்ளே வரச் சொன்னேன்.

"உள்ள வர எனக்கு அனுமதி இல்லைங்க மேடம். பூஞ்சை வந்த வீட்டுக்குள்ள போகக் கூடாதுன்னு கம்பெனி ரூல்."

"பூஞ்சையே இல்ல தம்பி, தரையில சோறு போட்டுச் சாப்பிடலாம்."

"அதான் நானும் சொல்றேன். எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டீங்க. நான் எதப் பாக்கறது?"

அதன் பிறகு அவர் வெளிச் சுவரில் படிந்திருந்த வெள்ளக் கோட்டை டேப் வைத்து அளந்து, கையிலிருந்த டேப்லெட்டில் எழுதிக்கொண்டார். அந்த ஒரு கோட்டை மட்டும்தான் நான் கழுவாமல் விட்டிருந்தேன். கூரையைப் பாருங்கள் என்றேன். வேண்டாவெறுப்பாகத் தன் வண்டியிலிருந்து மடக்கு ஏணியை எடுத்துச் சாத்தி மேலே ஏறினார். நானும் ஆல்சைடும் முற்றத்தில் நின்றோம். ஆல்சைட் அடுப்பில் நண்டு வேகவைத்துக்கொண்டிருந்தார்.

மேற்படி நபர் தார்ப்பாயை நான்கு பக்கமிருந்தும் போட்டோ எடுத்தார். அதைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். போட்டிருக்கும் தார்ப்பாயில் கை வைக்கக் கூடாது, அதுவும் கம்பெனி ரூல் என்றார். நடுவில் தார்ப்பாய் தொட்டில் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பள்ளம் என்னவென்று கேட்டேன். "இழுத்துக் கட்டல, தொளதொளன்னு கெடக்கு" என்றார். அதன் பிறகு டேப்லெட்டில் எழுதி, எனக்கும் படித்துக் காட்டினார். கூரையில் சேதம் காணப்படவில்லை, வீட்டுச் சேதம் முழுவதும் வெள்ளத்தால் ஆனது. படித்து முடித்ததும் அங்கேயே நின்று கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்.

அதோடு என் வீடு முடிந்தது என்று எனக்குப் புரிந்தது. கம்பெனி பணம் தராவிட்டால் அந்த ஓட்டையை அடைக்க எனக்கு வழியில்லை. இன்னும் இரண்டு மாதம் புயல் காலம் இருக்கிறது. அதன் பிறகு நான் ஏணியை எடுத்து மடக்கி, என் வேனுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். நான்தான் எடுத்தேன். ஆல்சைடுக்கு இதில் சம்பந்தம் இல்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்:

"அண்ணி, அவரு எறங்க வேணாமா?"

"வேல முடியல. முடிச்சிட்டு எறங்கட்டும்."

மேலேயிருந்து ஹால்வர்சன், "மேடம், ஏணிய வைங்க" என்றார்.

"தார்ப்பாயத் தூக்கிப் பாரு. பாத்தத எழுது. ஏணி தானா வரும்."

"இது குத்தம், தெரியுமா? போலீஸக் கூப்புடுவேன்."

"காத்து வேற தண்ணி வேறன்னே எனக்கு இப்பதான் தெரிஞ்சுது. சட்டமும் மெதுவா கத்துக்கறேன், நீ கூப்புடு."

"தம்பி, நண்டு வெந்துருச்சு" என்று ஆல்சைட் குரல் கொடுத்தார். "மசாலா கொஞ்சம் தூக்கலா இருக்கும், பரவால்லையா?"

ஹால்வர்சன் போலீஸைக் கூப்பிட்டார். பாலத்தில் விபத்து, வரத் தாமதமாகும் என்று பதில் வந்ததாகத் தெரிகிறது. அதன் பிறகு எங்கள் ஊரில் தினமும் வருகிற மழை வந்தது. சதுப்பு நிலத்துக்கு மேலே இடி இடித்தது. அவர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். அவரைச் சாகடிக்க நான் நினைக்கவில்லை. இரண்டாவது மின்னலுக்கு வேனை நோக்கி நடந்தேன், ஏணியை எடுக்கத்தான் போனேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

வேன் கதவைத் திறப்பதற்குள் மேலே கிழியும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். மேற்படி ஹால்வர்சன் தார்ப்பாயின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார், நானும் ஆல்சைடும் அடித்த ஆணிகள் வரிசையாகப் பிய்ந்து வந்தன. அதன் பிறகு கூரையில் உட்கார்ந்து இரண்டு காலையும் உள்ளே விட்டார். பிறகு வயிறு போனது. பிறகு தோள், தலை. எங்கேயும் இடிக்கவில்லை, எங்கேயும் மாட்டவில்லை.

"போய்ட்டாரு" என்றார் ஆல்சைட்.

உள்ளே தொப்பென்று விழும் சத்தம் கேட்டது. அதன் பிறகு வாசல் கதவைத் தட்டினார். வெள்ளத்தில் ஊதிப்போன கதவு, உள்ளேயிருந்து இழுத்தால் திறக்காது, வெளியேயிருந்து தோளால் தள்ள வேண்டும். நான்தான் தள்ளித் திறந்துவிட்டேன். ஆகவே அவரை அடைத்து வைத்தேன் என்ற புகாரில், திறந்துவிட்டதையும் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும். தலையெல்லாம் மரத்தூளும் கூரைக்குள் அடைத்திருந்த பஞ்சுமாக, நுழையக் கூடாத என் வீட்டுக்குள்ளிருந்து அவர் வெளியே வந்தார். கை மட்டும் சிராய்த்திருந்தது.

"எந்த வழியா தம்பி எறங்கின?"

"ஏணியக் குடுங்க" என்றார். கொடுத்தேன்.

அவர் திறந்து போட்ட வழியாக மழை முழுவதும் என் வீட்டுக்குள் பெய்தது. இடி நிற்கும் வரை கூரையில் ஏற முடியவில்லை. மூன்று வாரமாக நான் உலர்த்திய தரையில் கணுக்கால் வரை தண்ணீர் நின்றது. நான் வாசலில் நின்று அதைப் பார்த்தேன். புயலன்றுகூட நான் அழவில்லை. நேற்று அழுதேன். அப்போதுதான் துணை ஷெரிஃப் அவர்கள் வந்து சேர்ந்தார்.

செய்ததற்கு வருந்துகிறேனா என்று கேட்கப்பட்டதற்கு, இல்லை என்று சொல்கிறேன். இன்று துணை ஷெரிஃப் அவர்கள் மேற்படி ஹால்வர்சன் கொடுத்த புகாரை எனக்குப் படித்துக் காட்டினார். அதில், உயிருக்கு அஞ்சி, படுக்கையறைக்கு மேலே பலகை பெயர்ந்து ஏற்கனவே திறந்து கிடந்த பெரிய ஓட்டை வழியாக இறங்கித் தப்பித்ததாக அவர் எழுதியிருக்கிறார். அந்த இடத்தை மறுபடி படிக்கச் சொன்னேன். படித்தார். நிறுத்தி நிதானமாக இன்னொரு முறையும் படிக்கச் சொன்னேன். அந்தப் புகாரின் நகல் ஒன்று எனக்கு வேண்டும், கம்பெனிக்கு அனுப்ப. என் மேல் என்ன வழக்கு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். அவர் அதன் அடியில் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்று கேட்டேன், போட்டிருக்கிறார் என்றார்கள். அப்படியானால் நானும் போடுகிறேன்.

மேலே எழுதியிருப்பது அத்தனையும் நான் சொன்னது, நடந்தது. வாசித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) எர்லீன் வெர்டின்